மலைச்சரிவு நிலம் ஏன் கெடுகிறது? நிலப் பயன்பாட்டு மாற்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலை விவசாயம் என்றாலே காடழிப்பு, நிலச்சரிவு என்று இரண்டு வார்த்தைகளில் பேச்சு முடிந்துவிடுகிறது. உள்ளே போனால் விஷயம் அவ்வளவு நேர்கோடாக இல்லை. காட்டை வெட்டாமலேயே மண் போன இடங்கள் உண்டு. மரம் நட்ட பிறகு அரிப்பு கூடிய இடங்களும் உண்டு. பொதுவாக எழும் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நிலச் சீரழிவு என்றால் மண் அரிப்பு மட்டும்தானா?

இல்லை. கண்ணில் படுவது அரிப்பு என்பதால் அது முதலில் பேசப்படுகிறது. மண்ணில் மட்கு குறைவது, இறுகிப்போவது, புளிப்பு (அமிலத்தன்மை) ஏறுவது, நீரைப் பிடித்து வைக்கும் திறன் போவது, ஊற்றுகள் வற்றுவது எல்லாமே சீரழிவுதான். நிலம் முன்பு தந்ததைத் தர முடியாமல் போவதும், அந்த நிலை எளிதில் திரும்பாததும்தான் அடையாளம். உரத்தைக் கொட்டி விளைச்சலைப் பல ஆண்டுகள் அதே அளவில் நிறுத்தி வைக்கலாம். அதனால் விளைச்சல் கணக்கை மட்டும் பார்த்தால் சீரழிவு தெரியவே தெரியாது.

சமவெளியைவிட மலையில் ஏன் இவ்வளவு வேகம்?

சரிவில் நீர் நிற்பதில்லை, ஓடுகிறது. அதன் வேகம் இரண்டு மடங்கானால் மண்ணை உருட்டிப்போகும் வலு பல மடங்காகிறது. மலையில் மேல்மண்ணும் பெரும்பாலும் ஆழமில்லாதது. பல இடங்களில் ஒரு முழம் தோண்டினால் சிதைந்த பாறை வந்துவிடும். சமவெளியில் ஐந்து சென்டிமீட்டர் போனால் கீழே இன்னும் மண் இருக்கும். இங்கே போனால் போனதுதான்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மண் போனால் அது 10 கன மீட்டர், எடையில் சுமார் 12 டன். ஒரே மழையில் ஒரு மில்லிமீட்டர் குறைந்ததை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டர் புதிதாக உருவாகப் பொதுவாகப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். வழக்கமான முறையில் உழும் வயல்களில், மண் உருவாகும் வேகத்தைவிட 100 மடங்குக்கும் மேலான வேகத்தில் மண் போவதாக ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி தன் 2019 நில அறிக்கையில் மதிப்பிட்டது. அது உலகம் முழுக்கச் சேர்த்துச் சொன்னது. செங்குத்தான சரிவில் நிலைமை அதைவிட மோசமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எந்தப் பயிர் மண்ணை அதிகம் கெடுக்கிறது?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஆனால் பயிரின் பெயரை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்பது நல்லது: பெருமழை பெய்யும் வாரங்களில் நிலத்தின் மேல் என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் விஷ்மியர், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் பல ஆண்டு வயல் அளவீடுகளைத் தொகுத்து, 1965இல் மண் இழப்பைக் கணக்கிட ஒரு சமன்பாடு வெளியிட்டார்கள். இன்றும் உலகம் முழுக்க அதுவோ அதன் திருத்திய வடிவமோதான் புழங்குகிறது. மழையின் தாக்கு, மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், பயிர்ப் போர்வை, காப்பு வேலை எல்லாவற்றையும் பெருக்குவதுதான் அந்தச் சமன்பாடு. உழுது வெறுமையாகக் கிடக்கும் நிலத்துக்குப் போர்வை எண் 1. சருகு கலையாத அடர்காட்டுக்கு அது ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடும். மழை நம் கையில் இல்லை. சரிவைக் குறைக்கப் பெருஞ்செலவு ஆகும். ஆயிரம் மடங்கு மாற்றக்கூடிய ஒரே எண் போர்வைதான்.

எத்தியோப்பிய மேட்டுநிலங்களில் விளையும் டெஃப் என்ற தானியத்தைப் பாருங்கள். விதை கடுகைவிடச் சிறியது. அதனால் நிலத்தைப் பலமுறை உழுது மாவுபோல் ஆக்க வேண்டும், மழை தொடங்கிய பிறகே விதைக்க வேண்டும். மழை உச்சத்தில் இருக்கும்போது மண் முழுக்கத் திறந்து கிடக்கிறது. பயிர் மேல் தவறு ஒன்றும் இல்லை. உழவுக் காலமும் மழைக் காலமும் ஒன்றாக விழுவதுதான் சிக்கல்.

காட்டை வெட்டிப் பல ஆண்டாகியும் ஒன்றும் ஆகவில்லையே, பிறகு என்ன பயம்?

வெட்டிய அன்றே சரிவு இறங்காது. மரம் போனாலும் வேர் மண்ணுக்குள் இருக்கிறது. சரிவைப் பிடித்து வைத்திருந்தது அந்த வேர்தான். அது அழுகி வலுவிழக்கச் சில ஆண்டுகள் ஆகும். புதிதாக நட்டதன் வேர் ஆழம் பிடிக்கவும் ஆண்டுகள் ஆகும். பழைய வேர் செத்து, புதிய வேர் வராத இடைவெளி பெரும்பாலும் வெட்டிய மூன்றாம் ஆண்டிலிருந்து பதினைந்தாம் ஆண்டு வரைக்குள் வருகிறது. அந்தக் காலத்தில் பெருமழை வராவிட்டால் தப்பித்துவிடலாம். அதனால்தான் பக்கத்து நிலத்துக்காரர் வெட்டியும் ஒன்றும் ஆகவில்லை என்பது நல்ல சாட்சி ஆகாது.

1988 நவம்பரில் தெற்குத் தாய்லாந்தில் இதுதான் நடந்தது. நக்கோன் சி தம்மராட் மாகாணத்தில், காடு வெட்டி இளம் ரப்பர் கன்றுகள் நட்டிருந்த சரிவுகள் பெருமழையில் பெயர்ந்தன. சேறும் மரத்துண்டுகளும் ஊர்களுக்குள் இறங்கி நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். 1989 ஜனவரியில் அந்த நாடு இயற்கைக் காடுகளில் மரம் வெட்டத் தடை போட்டது.

அதே 1988 மார்ச்சில் போலா புயல் நியூசிலாந்தின் கிழக்குக் கரையைத் தாக்கியது. காடழித்து ஆட்டு மேய்ச்சலாக மாற்றிப் பல பத்தாண்டுகள் ஆன குன்றுகளிலும், அப்போதுதான் பைன் நட்ட இடங்களிலும் மண்சரிவு மிக அதிகம். இயற்கைக் காடும் நன்கு வளர்ந்த பைன் தோப்பும் இருந்த இடங்களில் மிகக் குறைவு. பக்கத்துப் பக்கத்துச் சரிவுகள், ஒரே மழை. இப்படி ஒரு ஒப்பீடு எளிதில் கிடைக்காது.

தானியத்திலிருந்து காய்கறிக்கு மாறுவதால் என்ன ஆகிவிடும்?

வருமானம் கூடும். அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. மலையின் குளிரில் விளையும் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட் போன்றவற்றுக்குச் சமவெளியில் நல்ல சந்தை இருக்கிறது. ஆனால் நிலத்துக்கு என்ன ஆகிறது? ஆண்டுக்கு ஒருமுறை கிளறிய மண்ணை இரண்டு, மூன்று முறை கிளற வேண்டியிருக்கிறது. களை ஒன்றுகூட விடுவதில்லை. கிழங்குப் பயிர் என்றால் அறுவடையே மண்ணைப் புரட்டும் வேலை. பாத்தியை மேலிருந்து கீழாகப் போட்டால் வேலையும் எளிது, வேரழுகலும் குறையும். ஈரம் தேங்கினால் கிழங்கு கெடும் என்பதால் விவசாயிகள் தெரிந்தேதான் அப்படிப் போடுகிறார்கள். மழை வந்ததும் ஒவ்வொரு பாத்தி இடைவெளியும் ஒரு வாய்க்கால்.

ஜாவாவின் டியெங் மேட்டுநிலம் இந்தக் கதைக்குப் பேர்போனது. உருளைக்கிழங்கு வந்த பிறகு சரிவுகள் உச்சிவரை உழவுக்கு வந்தன, மண் போன இடத்தைக் கோழி எருவும் ரசாயன உரமும் ஈடுகட்டின. மலேசியாவின் கேமரன் மலையில் காய்கறித் தோட்டங்களுக்காக நிலம் திருத்தியபோது போன மண் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் போய்ப் படிந்தது. சேறு நிறைந்த தேக்கத்தில் வெள்ளத்துக்கு இடமில்லை. 2013 அக்டோபரில் பெருமழையின்போது அணையைத் திறந்துவிட வேண்டி வந்தது, பெர்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளுக்குள் சேறு புகுந்தது. தோட்டங்களில் பயிரைக் காக்கப் போட்ட பிளாஸ்டிக் கூரைகளும் சும்மா இருக்கவில்லை. கூரையில் விழும் நீர் மண்ணில் இறங்காமல் மொத்தமாக ஓடைக்குப் போகிறது.

மழையே இல்லாவிட்டாலும் மண் இறங்குமா?

இறங்கும். உழவே மண்ணை இறக்குகிறது. சரிவில் கலப்பை புரட்டும் கட்டி மேல்பக்கம் விழுவதைவிடக் கீழ்ப்பக்கம்தான் அதிகம் விழும். ஒரு உழவுக்கு மண் நகர்வது ஒரு சாண்கூட இருக்காது. ஐம்பது ஆண்டு உழுத வயலில், மேல் விளிம்பில் அடிமண் வெளுத்துத் தெரியும், கீழ் வேலியோரம் நல்ல மண் மேடு கட்டி நிற்கும். மண்வெட்டியால் கீழிருந்து மேலாகக் கொத்தி ஏறும்போதும் இதே கதைதான். டிராக்டர் வந்த பிறகு ஆழமும் வேகமும் கூடின. ஆராய்ச்சியாளர்கள் 1990களில்தான் இதை முறையாக அளக்கத் தொடங்கினார்கள், அதுவரை எல்லாப் பழியும் மழைமேல்தான்.

மரம் நட்டுவிட்டால் போதாதா?

எந்த மரம், எங்கே, அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மழைத்துளியை இலை தடுக்கிறது என்பது பாதி உண்மை. அகன்ற இலையில் நீர் சேர்ந்து பெரிய துளியாகிப் பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், அதன் அடி நேரடி மழையைவிடக் கடுமையாக இருக்கலாம். அடியில் சருகும் புல்லும் செடியும் இருந்தால் அந்த அடி மண்ணைத் தொடாது. வடக்கு லாவோஸில், முன்பு எரித்துப் பயிரிட்டு வந்த சரிவுகளைத் தேக்குத் தோட்டமாக மாற்றிய ஒரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதியை ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்தார்கள். தேக்கு வளர வளர ஓடைக்கு வந்த வண்டல் குறையவில்லை, பல மடங்கு கூடியது. தேக்கின் நிழலிலும், கீழ்ச்செடியை வெட்டி எரிக்கும் பழக்கத்திலும் தரை வெறுமையாகக் கிடந்ததுதான் காரணம்.

ஆண்டீஸ் மலையின் உச்சிப் புல்வெளியான பராமோ வேறு வகை. அங்கே எரிமலைச் சாம்பலும் மட்கும் சேர்ந்த கறுப்பு மண் ஏராளமான நீரைப் பிடித்து வைத்து, மழையற்ற மாதங்களிலும் ஓடைக்கு விடுகிறது. அதை உழுது உருளைக்கிழங்கு போட்டால் மண் காய்கிறது. ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் மறுபடி நனைந்தாலும் பழையபடி நீரைப் பிடிக்காது. அதே இடத்தில் பைன் நட்டபோது ஓடை நீர் குறைந்ததை ஈக்வடாரில் அளந்திருக்கிறார்கள். மரமே இல்லாத நிலம் என்பதால் அது கெட்ட நிலம் ஆகிவிடாது.

மக்கள்தொகை பெருகியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறார்களே?

1970களில் இமயமலை பற்றி இப்படி ஒரு கோட்பாடு உலகம் முழுக்கப் பரவியது. மலையில் மக்கள் பெருகினார்கள், காட்டை வெட்டினார்கள், மண் அரித்தது, அதனால் வங்கதேசம் வரை வெள்ளம் என்று ஒரு சங்கிலி. கேட்கச் சரியாகத்தான் இருந்தது. 1980களில் ஜாக் ஐவ்ஸ், புரூனோ மெசெர்லி போன்ற புவியியலாளர்கள் ஒவ்வொரு கண்ணியாக எடுத்துப் பார்த்தபோது பல கண்ணிகள் அறுந்தன. இமயம் இன்னும் உயர்ந்துகொண்டிருக்கும் இளம் மலை. விவசாயி இல்லாவிட்டாலும் அது பெருமளவு மண்ணை இறக்கும். சமவெளி வெள்ளத்தைப் பெரிதும் தீர்மானிப்பது பருவமழை. மலை விவசாயிகள் அழிப்பவர்களாக மட்டும் இல்லை, சரிந்த வயலை மறுபடி கட்டிக்கொண்டும் இருந்தார்கள்.

கென்யாவின் மச்சாகோஸ் இன்னும் தெளிவான சான்று. 1930களில் அந்த வறண்ட குன்றுப் பகுதியை மீளாத நிலம் என்று காலனி அதிகாரிகள் எழுதி வைத்தார்கள். 1990க்குள் மக்கள்தொகை ஐந்து மடங்குக்கு மேல் பெருகியது. அரிப்பு கூடவில்லை, குறைந்தது. நிலத்தில் உரிமை உறுதியாக இருந்தது, காப்பிப் பணமும் நைரோபி சம்பளமும் வந்தன, ஆட்களும் இருந்தார்கள். சரிவுக்குக் குறுக்கே சமஉயரத்தில் பள்ளம் தோண்டி மண்ணை மேல்பக்கம் எறிந்து வரப்பு கட்டினார்கள். சில பருவங்களில் வரப்புக்குப் பின்னால் மண் சேர்ந்து தானாகவே படிக்கட்டு வயல் உருவானது. நிலம் தன்னுடையது இல்லை என்றால் இந்த வேலையை யார் செய்வார்கள்? அடுத்த ஆண்டு குத்தகை போய்விடும் என்று தெரிந்தவர் கல்கட்டு போட மாட்டார். தலை எண்ணிக்கையைவிட எனக்கு இதுதான் முக்கியக் காரணமாகப் படுகிறது.

விவசாயத்தை விட்டுவிட்டால் நிலம் தானாகக் காடாகிவிடுமே?

சாதாரணச் சரிவில் காலப்போக்கில் ஆகலாம். படிக்கட்டு வயலில் அவ்வளவு சுலபமில்லை. படி என்பது செயற்கையாக நிறுத்தி வைத்த மண். பின்னால் நீர் தேங்காமல் வடிகாலைத் திறந்து வைக்க வேண்டும், பிதுங்கிய கல்லை எடுத்து மறுபடி அடுக்க வேண்டும், வளையை அடைக்க வேண்டும். ஆள் போன இரண்டாம் மூன்றாம் ஆண்டில் வடிகால் தூர்ந்துவிடும். சுவருக்குப் பின்னால் நீர் சேர்ந்து அழுத்தும். ஒரு கல் விழுந்த வாயில் அடுத்த மழை நுழையும். மேல்படி கீழ்படியின் மேல் விழ, அதன் பாரத்தில் அதுவும் போகும்.

இத்தாலியின் சிங்க்வே டெர்ரே கடற்கரைக் குன்றுகளில் நூற்றாண்டுகளாகக் கட்டிய திராட்சைப் படிகளைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். 2011 அக்டோபர் 25 அன்று பெய்த பேய்மழையில் வெர்னாட்சா, மொன்டெரோசோ ஊர்கள் சேற்றில் மூழ்கின. பிறகு வெர்னாட்சா பக்கத்து மண்சரிவுகளை வரைபடமாக்கிப் பார்த்தபோது, கைவிட்டு அதிக காலம் ஆகாத படிகளில்தான் சரிவு அதிகம் நடந்திருந்தது. பிலிப்பைன்ஸின் இஃபுகாவ் நெற்படிகளையும் யுனெஸ்கோ 2001இல் ஆபத்தில் உள்ள உலகப் பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது, 2012இல்தான் எடுத்தது. இளையவர்கள் வேறு வேலைக்குப் போனதும் பராமரிப்பு குறைந்ததும் அங்கே பெரிய கவலை.

நேபாள மலைகளிலும் ஆண்கள் வெளிநாட்டு வேலைக்குப் போக, தூரத்து வயல்கள் முதலில் தரிசாகின்றன. ஆள் அதிகமானால் நிலம் கெடும் என்று பயந்த அதே மலையில் இப்போது ஆள் இல்லாமல் வரும் சிக்கல்.

எரித்துப் பயிரிடும் முறை?

இடைவெளிதான் அங்கே எல்லாம். பதினைந்து, இருபது ஆண்டு ஓய்வு கிடைத்தால் காடு மீண்டு, மண்ணும் மீளும். காட்டு எல்லை போட்டு, தோட்டத்துக்கு நிலம் எடுத்து, மீதி நிலத்தில் அதே மக்கள் சுழன்றால் ஓய்வு மூன்று நான்கு ஆண்டாகச் சுருங்கிவிடும். அப்புறம் புதரே வளராது, களைதான். பழி மட்டும் எரிப்பவர்மேல் விழும்.

ஆடு மாடு மேய்ச்சல் எவ்வளவு காரணம்?

எண்ணிக்கையைவிட ஒரே இடத்தில் நிற்பதுதான் கேடு. மேய்ச்சல் நிலம் வயலாக மாறும்போது அதே மந்தை மிச்சமிருக்கும் செங்குத்துச் சரிவில் நெருக்கப்படுகிறது. கால்தடப் பாதைகள் நீர்ப்பாதைகளாகின்றன. எத்தியோப்பியாவின் டிக்ராயில் சில சரிவுகளை மேய்ச்சலுக்கு மூடி, புல்லை அறுத்து எடுத்துப்போக மட்டும் விட்டார்கள். சில ஆண்டுகளில் புதர் திரும்பியது.

சாலைக்கும் வயலுக்கும் என்ன சம்பந்தம்?

சந்தைப் பயிர் சாலையோடுதான் வருகிறது. பொக்லைன் மலையை வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளிவிட்டுப் போய்விடுகிறது. அந்தத் தளர்மண் யாருடைய வயலின் தலையில் நிற்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. வெட்டுமுகம் மண்ணுக்குள் மெதுவாகக் கசிந்து வந்த நீரை வெளியே இழுத்துச் சாலையோர வாய்க்காலில் சேர்க்கிறது. பரவலாக இறங்கிய நீர் சிறுபாலம் இருக்கும் ஒரே இடத்தில் கொட்டினால் அங்கே பள்ளம் விழாமல் என்ன செய்யும்? பரப்பில் மிகச் சிறியது என்றாலும், ஓடைக்கு வரும் வண்டலில் சாலையின் பங்கு பல இடங்களில் வயலுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கிறது. மலை விவசாயம் பற்றிய பேச்சில் இது ஏனோ கடைசியில்தான் வருகிறது.

என் நிலம் கெடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெருமழை விட்ட மறுநாள் காலையில் குனிந்து பாருங்கள். சிறு கற்களின் அடியில் விரல் உயர மண்தூண்கள் நின்றால், சுற்றியிருந்த மண் அந்த அளவு போயிருக்கிறது. கல் மூடியிருந்த இடம் மட்டும் தப்பியது. பழைய மரங்களின் வேர்க்கழுத்து தரைக்கு மேல் தெரிகிறதா? வேலிக்கம்பத்தின் மேல்பக்கம் மண் ஏறி, கீழ்ப்பக்கம் குழிந்திருக்கிறதா? சரிவின் தோள்பட்டையில் மண் வெளிறி, பயிர் குட்டையாக இருக்கிறதா? ஓடை நீர் எந்த மழையில் கலங்கத் தொடங்குகிறது, எத்தனை நாளில் தெளிகிறது?

ஆய்வாளர்களுக்கு வேறு வழியும் உண்டு. 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகளில் காற்றில் பரவிய சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் மண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கலையாத இடத்தைவிட வயலில் அது குறைவாக இருந்தால், அந்த அளவுக்கு மண் போய்விட்டது என்று கணக்கிடுகிறார்கள்.

படி வெட்டினால் சரியாகிவிடுமா?

நன்றாக வெட்டினால். ருவாண்டாவில் பெரிய அளவில் படி வெட்டியபோது புளிப்பான அடிமண் மேலே வந்துவிட்ட இடங்களில், சுண்ணாம்பும் தொழுஉரமும் போடாமல் விளைச்சல் எடுக்க முடியவில்லை. மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி வைத்து, படி வெட்டி, திரும்பப் பரப்புவது பழைய முறை. இயந்திரத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. இன்னொன்று, களிமண் மேல் தளர்மண் உட்கார்ந்திருக்கும் சரிவில் நீர்ப்பள்ளம் தோண்டினால் நீர் உள்ளே இறங்கிச் சரிவையே கிளப்பிவிடலாம். அரிப்புக்கு மருந்தான அதே பள்ளம் நிலச்சரிவுக்கு வழி காட்டும். அங்கே நீரை வெளியே வடிப்பதுதான் வேலை.

பிலிப்பைன்ஸின் மிந்தனாவ் தீவில் 1970களில் உருவான முறையில், சமஉயரக் கோட்டில் பயறுவகைச் செடிகளை நெருக்கி வேலியாக நட்டு, இடையில் பயிர் செய்கிறார்கள். அரிப்பு நன்றாகக் குறைந்தது. ஆனால் வேலியை வெட்டிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும் என்பதால் பலர் விட்டுவிட்டார்கள். கிளாவெரியா பகுதி விவசாயிகள் சுருக்கமாக ஒன்று செய்தார்கள்: கோட்டில் ஒரு கீற்றை உழாமல் விட்டார்கள், புல் தானாக முளைத்தது. செலவு கிட்டத்தட்ட இல்லை. எனக்குப் பிடித்த தீர்வு இது.

ஏற்கெனவே கெட்ட நிலம் மீளுமா?

சீனாவின் லோயஸ் (காற்று கொண்டுவந்து குவித்த நுண்மண்) மேட்டுநிலத்தைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். 1999இல் தொடங்கிய திட்டத்தில், செங்குத்தான வயலைக் கைவிட்டுப் புல்லோ மரமோ வளர்த்தவர்களுக்குத் தானியமும் பணமும் கொடுத்தார்கள். அந்த மேட்டுநிலத்தின் ஊடாக ஓடி, முன்பு ஆண்டுக்குச் சுமார் 160 கோடி டன் வண்டல் சுமந்த மஞ்சள் ஆறு, பிற்காலத்தில் 30 கோடி டன்னுக்கும் குறைவாகவே சுமக்கிறது. அணைகளுக்கும் அதில் பங்குண்டு. வறண்ட பகுதியில் இவ்வளவு மரம் வைத்ததால் மண்ணின் ஈரம் தாங்குமா என்ற கேள்வி இப்போது எழுந்திருக்கிறது.

ஆக, அரிப்பை நிறுத்த முடியும். மட்கையும் ஒரு தலைமுறையில் ஓரளவு ஏற்றலாம். பாறை தெரியும்வரை போன இடத்தில் மண் திரும்ப வருவதை நம் வாழ்நாளில் பார்க்க முடியாது.

பயிரை மாற்றும் முன் என்ன பார்க்க வேண்டும்?

மழை நாட்காட்டியையும் புதுப் பயிரின் நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தரை வெறுமையாக இருக்கும் வாரங்களைக் குறியுங்கள். அந்த வாரங்களுக்கு மூடாக்கோ ஊடுபயிரோ கிடைக்குமா? சரிவு முழுவதையும் ஒரே ஆண்டில் திருப்பாமல் பட்டை பட்டையாக மாற்றுங்கள், ஒரு பட்டையின் வேர் பிடித்த பிறகு அடுத்தது. மேலே சாலை இருந்தால் அதன் நீர் எங்கே இறங்குகிறது என்று மழையில் நனைந்தபடி ஒருமுறை நடந்து பாருங்கள். படி இருந்தால், அதைப் பராமரிக்க இன்னும் பத்து ஆண்டுக்கு ஆள் இருப்பார்களா என்று வீட்டில் பேசுங்கள். இல்லை என்றால் மேல்படிகளை இப்போதே, வடிகால் திறந்திருக்கும்போதே, புல்லுக்கும் ஆழவேர் மரத்துக்கும் விட்டுவிட்டு, கைக்கு எட்டும் கீழ்ப்படிகளை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.